ஆடியிலும் பசிக்கும்

நடுவயதில் சொந்தத் தொழில் தொடங்குவது பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டபோது, "நான் குதிரை டாக்டர் ஆச்சே, வங்கிக்காரர் யாரையாவது கூப்பிடுங்களேன்" என்றேன். "குதிரையை நம்பித் தொழிலுக்கு வருகிறவர்களைப் பற்றியே சொல்லுங்கள்" என்றார்கள். அதுதான் எனக்குத் தெரிந்த கதை. ஒப்புக்கொண்டேன்.

திருப்பூர், ஈரோடு, கோவை வட்டாரத்தில் ஒரு குதிரைக் கொட்டிலுக்கு வைத்தியம் பார்க்கப் போனால், வாசலில் நிற்கிறவரைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒருவர் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து குதிரை வைத்திருப்பவர். அவர் என்னைப் பார்த்ததும் குதிரையைப் பிடித்துக்கொண்டு வருவார். இன்னொருவர் வேலையை விட்டுவிட்டுக் குதிரைக்கு வந்தவர். அவர் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வருவார். மில்லில் மேற்பார்வை பார்த்தவர், கம்பெனியில் கணக்கு எழுதியவர், தனியார் பள்ளியில் பாடம் நடத்தியவர் என்று இப்படித்தான் இருப்பார்கள். வயது 45 முதல் 52க்குள். பிள்ளைகள் கல்லூரிக்குப் போயிருப்பார்கள். சின்ன வயதில் எந்தத் தேர்த்திருவிழாவிலோ பார்த்த வெள்ளைக்குதிரை மனதிலிருந்து இறங்கியிருக்காது. கல்யாணத்துக்குச் சாரட் விடுவது, சவாரி கற்றுக்கொடுப்பது, கோயில் விசேஷத்துக்கு அனுப்புவது, அவ்வப்போது படப்பிடிப்பு. இதில்தான் பிழைப்பை ஓட்டலாம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

தப்பே இல்லை. நன்றாக நடத்துகிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் எல்லாரும் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "நல்ல குதிரை என்ன விலைக்குக் கிடைக்கும், டாக்டரம்மா?"

விலையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள் என்பேன். விலை ஒரு நாள் செலவு. குதிரை 25 வருடம் சாதாரணமாக வாழும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30ஐயும் எட்டும். உங்களுக்கு 48 வயது, குதிரைக்கு 5 என்று வையுங்கள். உங்களுக்கு 70 ஆகும்போதும் அது கொட்டிலில் நின்று தலையாட்டும். பிபிஎஃப் கணக்கு 15 வருடத்தில் முதிர்ந்துவிடுகிறது. குதிரை அதற்குப் பிறகும் தின்னும். நீங்கள் ஓய்வு பெறும் வயதில் அதற்கும் ஓய்வு கொடுக்க வேண்டும். வேலை செய்ய முடியாத குதிரையும் கிட்டத்தட்ட அதே அளவுதான் தின்கிறது.

ஆகவே விலையை விட்டுவிட்டு வயிற்றைப் பார்ப்போம். நேயர்கள் மன்னிக்க வேண்டும், குதிரையின் வயிற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. இந்தத் தொழிலின் லாபமும் நஷ்டமும் அங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நீளமாகவே பேசுகிறேன்.

நம் பக்கத்தில் பலர் மாடு வளர்த்துப் பழகியவர்கள். அதனால் குதிரை வாங்குகிறவர்கள் மாட்டு அறிவை வைத்துக்கொண்டே வருகிறார்கள். மாட்டுக்கு வயிறு பெரிய அண்டா. ஒரு நேரம் அள்ளிப் போட்டுவிட்டால் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். குதிரைக்கு அவ்வளவு பெரிய உடம்பில் இரைப்பை மட்டும் சின்னது, 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். அந்தச் சின்ன இரைப்பையில் நாள் முழுக்க, தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். திறந்த வெளியில் விட்டால் குதிரை நாளில் 14 மணி நேரத்துக்கு மேல் மேயும். கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்கும்படி அமைந்த உடம்பு அது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று போட்டுவிட்டு நடுவில் வெறும் தொட்டியைப் பார்க்க விட்டால் இரைப்பை புண்ணாகிவிடும்.

இன்னொன்று, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையின் வாயில் இருக்கும் தசை அவ்வளவு இறுக்கமானது. உள்ளே போனது மேலே திரும்பி வராது. இதை மட்டும் தயவுசெய்து மனதில் வையுங்கள். ஏனென்று ஒரு சம்பவம் சொல்கிறேன்.

ஒரு வைகாசி முகூர்த்தம். நள்ளிரவு தாண்டி ஃபோன். "டாக்டரம்மா, குதிரை உருளுதுங்க. வயித்தத் திரும்பித் திரும்பிப் பாக்குதுங்க." மில் வேலையை விட்டுவிட்டு வந்தவர், அழகான வெள்ளைக்குதிரை வைத்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது குதிரை நனைந்துபோய் நின்றது, அத்தனையும் வியர்வை. முன்காலால் தரையைக் கிளறுகிறது. விலாவில் காதை வைத்துக் கேட்டால் குடல் இரையும் சத்தமே இல்லை. "என்ன போட்டீங்க?" என்றேன். கல்யாணப் பந்தியில் மிச்சமான சோறு, பூரி, லட்டு எல்லாம் ஒரு அன்னக்கூடை நிறைய! பெண் வீட்டார் ஆசையோடு கொடுத்திருக்கிறார்கள். இவரும் ஒரு வேளைத் தீனிச் செலவு மிச்சம் என்று வாங்கிப் போட்டிருக்கிறார். மாவுச்சத்து அத்தனையும் ஒரே நேரத்தில் இறங்கி, குடலில் புளித்து, வாயு அடைத்து, வெளியே வர வழியில்லாமல் நின்றுவிட்டது. சூலை என்று பழைய ஆட்கள் சொல்வது இதைத்தான்.

சுற்றி நின்ற ஒருவர் மூங்கில் குழாயில் எண்ணெயை ஊற்றித் தலையைத் தூக்கிக் குடிக்க வைக்கலாம் என்றார். வேண்டாம் நேயர்களே, எப்போதும் வேண்டாம். அப்படி ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் அதுவே எமனாகும். மூக்கு வழியாகக் குழாயை இரைப்பைவரை இறக்கி, தேங்கியதை வெளியேற்றி, திரவ பாரஃபின் கொடுத்து, வலிக்கு ஊசி போட்டு, உருளாமல் நடத்திக்கொண்டே இருந்தோம். விடியும்போது குதிரை நான்கு உருண்டை சாணம் போட்டது. அந்த மனிதர் கீழே உட்கார்ந்து அழுதார். அன்று பிழைத்தது. ஆனால் அந்த ஒரு ராத்திரிக்கு ஆன செலவு, அந்த முகூர்த்தத்தில் அவர் வாங்கிய சாரட் வாடகையைவிட அதிகம்.

அப்படியானால் என்ன போடுவது? அளவில் தொடங்குவோம். நம் பக்கத்தில் வைத்திருக்கும் மார்வாரி, கத்தியவார் குதிரைகள் ஏறக்குறைய 400 கிலோ எடை என்று வையுங்கள். உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கு, ஈரம் நீக்கிய கணக்கில், ஒரு நாளுக்குத் தேவை. அதாவது 8 கிலோ. இதில் 6 கிலோ நார்த்தீவனம், 2 கிலோ கொள்ளு, தவிடு போன்ற அடர்தீவனம். நார்த்தீவனத்தைப் பச்சைப் புல்லாகவே போடுவதானால் அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால் 30 கிலோ வேண்டும். குடிக்க 25 முதல் 40 லிட்டர் தண்ணீர். கோடையில் அதற்கும் மேல்.

பேனா கையில் இருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். கணக்குக்காக உலர்ந்த தீவனம் கிலோ 10 ரூபாய், அடர்தீவனம் கிலோ 40 ரூபாய் என்று போடுகிறேன். உங்கள் ஊர் விலையை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். நாளுக்கு 60ம் 80ம், 140 ரூபாய். மாதம் 4,200. இது வயிற்றுக்கு மட்டும். குளம்பு மாதம் 8 மில்லிமீட்டர் அளவில் வளரும், ஆகவே 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை செதுக்க வேண்டும், லாடம் மாற்ற வேண்டும். குடற்புழு மருந்து, வில்வாத ஜன்னித் தடுப்பூசி, ஆள் கூலி, கொட்டில் வாடகை எல்லாம் தனி.

இப்போது அந்த நோட்டில் வரவுப் பக்கத்தைப் பாருங்கள். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. புரட்டாசியில் பெரும்பாலான வீடுகளில் கிடையாது. மார்கழியில் கிடையாது. ஐப்பசி மழையில் சவாரி கற்க வருகிறவர்கள் வரமாட்டார்கள். சித்திரை, வைகாசியில் முகூர்த்தம் குவியும், ஆனால் அப்போதுதான் அக்கினி நட்சத்திரமும். வண்டி இழுக்கும் பிராணிகளுக்கென்று 1965இலேயே ஒரு விதி இருக்கிறது: நாளுக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் பூட்டக் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் பூட்டக் கூடாது, வெப்பம் 37 டிகிரியைத் தாண்டினால் பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. நண்பகலில் மாப்பிள்ளை அழைப்பு வைக்கிற வீட்டாரிடம் இதைச் சொல்லி மறுக்கத் தெரிய வேண்டும். மறுத்தால் அன்றைய வாடகை போகும்.

சம்பளம் வாங்கிய காலத்தில் ஒன்றாம் தேதி என்று ஒன்று இருந்தது. இப்போது இருப்பது பஞ்சாங்கம். குதிரைக்கோ இரண்டும் தெரியாது, ஆடி ஒன்றாம் தேதி காலையிலும் தொட்டியைத் தட்டும். முகூர்த்தமில்லாத அந்த மூன்று மாதங்களுக்கு வயிற்றுக்கு மட்டும் 12,600 ரூபாய் வேண்டும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் பெரும்பாலும் ஆடியை ஒட்டித்தான் வரும். அப்போது எந்தப் பணம் எதற்கு என்ற சண்டை வீட்டில் வருகிறது. அதனால் குதிரைக்கென்று வங்கியில் தனிக் கணக்கு வையுங்கள் என்கிறேன். ஆறு மாதத் தீனிப்பணம், இந்தக் கணக்கில் 25,200 ரூபாய், அதில் சேர்ந்த பிறகு குதிரை வாங்கப் போங்கள். பிறகு ஒவ்வொரு சாரட் வாடகையிலும் முதல் பங்கு அங்கேதான் போக வேண்டும். மிச்சம்தான் உங்களுக்கு.

பணத்தைவிட நன்றாகச் சேமிக்கக் கூடியது தீவனம். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர், தனியார் பள்ளியில் 20 வருடத்துக்கு மேல் கணக்கு ஆசிரியையாக இருந்துவிட்டு, உடுமலைப் பக்கம் சவாரிப் பள்ளி வைத்திருக்கும் ஒரு அம்மா. நிலக்கடலை பிடுங்கும் பருவத்தில் கடலைக்கொடி மலிவாகக் கிடைக்கும். அப்போது மொத்தமாக வாங்கிக் காயவைத்து, மேடை போட்டு, மழை படாமல் போர் போட்டுவிடுவார். கோடையில் மற்றவர்கள் இரட்டிப்பு விலைக்கு அலைகிறபோது இவர் போரிலிருந்து உருவிப் போடுவார். ஒரு விஷயம், கொடி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்தால் மாடு ஓரளவு தாங்கும், குதிரை தாங்காது.

அந்த அம்மாவின் போருக்கு இன்னொரு பயனும் உண்டு. இப்போது எல்லாரும் கம்பு நேப்பியர் புல் போடுகிறார்கள். வெட்ட வெட்ட வளரும், மாட்டுக்கு அருமை. குதிரைக்கு அதை மட்டுமே போட்டால் அதில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருள் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. நம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களில் வளரும் கொழுக்கட்டைப்புல்லிலும் இது உண்டு. கூடவே தவிட்டை அள்ளிப் போட்டால் பாஸ்பரஸ் ஏறி நிலைமை இன்னும் மோசமாகும். எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து, குதிரையின் முகம் இரண்டு பக்கமும் வீங்கினதுபோல் ஆகும். கால் நொண்டும். கடலைக்கொடி, வேலிமசால், குதிரைமசால் போன்றவற்றில் சுண்ணாம்புச் சத்து அதிகம். பாதிக்குப் பாதி கலந்தால் அந்தத் தொல்லை பெரிதும் குறையும். கணக்கு டீச்சர் மலிவு என்று வாங்கிய கொடி, வைத்தியச் செலவையும் மிச்சம் பிடித்தது.

அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. வேலையை விடுவதற்கு இரண்டு வருடம் முன்பே இதைத் தொடங்கிவிட்டார், அதுவும் குதிரை வாங்காமல்! கோவையில் ஆசைக்குக் குதிரை வாங்கி, வைக்க இடமில்லாமல் தவித்தவர்களின் குதிரைகளைத் தன் தோட்டத்தில் மாதக் கட்டணத்துக்குப் பார்த்துக்கொண்டார். தீனிச் செலவு குதிரைக்காரர்களுடையது, அனுபவம் இவருடையது. கட்டுவது, தேய்ப்பது, குளம்பு தூக்குவது, சூலை வந்தால் முதலில் என்ன தெரியும் என்பது எல்லாவற்றையும் அடுத்தவர் குதிரையிலேயே படித்துவிட்டார். கொட்டில் செலவைக் கட்டணம் தாங்கும் என்று நோட்டில் தெரிந்த பிறகுதான் பள்ளிக்கூடத்தில் கடிதம் கொடுத்தார். அதன் பிறகுதான் இரண்டு சாதுவான மட்டக்குதிரைகளை வாங்கினார். ஒரு குதிரை நாளுக்கு 15 கிலோவுக்குக் குறையாமல் சாணம் போடும். அதை மண்புழு உரமாக்கிக் கோவையில் மாடித்தோட்டக்காரர்களுக்கு விற்கிறார். "லாடச் செலவு சாணியிலயே வந்துருதுங்க டாக்டரம்மா" என்பார். அந்த வரியை அவர் நோட்டிலும் பார்த்திருக்கிறேன், வரவு சாணம், செலவு லாடம், பக்கத்துப் பக்கத்தில்.

சிக்கனம் எல்லா இடத்திலும் செல்லாது. நாமக்கல் பக்கம் ஒருவர் கோழிப்பண்ணையில் மிச்சமான தீவனத்தைச் சும்மா கொடுக்கிறார்களே என்று குதிரைக்கு வைத்தார். கறிக்கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சலைத் தடுக்க மோனென்சின் என்ற மருந்து சேர்ப்பதுண்டு. கோழிக்கு அது காவல், குதிரைக்கு விஷம், நேராக இதயத் தசையைத் தாக்கும். நான் போனபோது செய்ய ஒன்றும் இருக்கவில்லை. கோழித் தீவனச் சாக்கு குதிரைக் கொட்டிலின் பக்கமே வரக் கூடாது.

இன்னொரு பக்கம், நியாயமான சிக்கனமும் இருக்கிறது. சுழி பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். குதிரையின் நெற்றியில், கழுத்தில், மார்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்தைப் பார்த்து ராசி சொல்வார்கள். சுழி சரியில்லை என்றால் தங்கமான குதிரையும் விலை போகாது. மருத்துவராக நான் அறிந்தவரை சுழிக்கும் குதிரையின் ஆரோக்கியத்துக்கும் சம்பந்தம் இல்லை. சவாரி கற்றுக்கொடுக்க ஒருவர் இப்படிச் சுழி தப்பிய பெண்குதிரை ஒன்றைச் சல்லிசாக வாங்கினார். குழந்தைகளை ஏற்றினால் முட்டையைச் சுமக்கிறதுபோல் நடக்கும் குதிரை. ஆனால் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள், நாளைக்கு விற்கப் போனாலும் அதே சுழியைத்தான் பார்ப்பார்கள். கல்யாணத்துக்கும் அந்தக் குதிரையைக் கூப்பிட மாட்டார்கள். வைத்துக் காப்பாற்றுகிறவருக்கு அது லாபம். வாங்கி விற்கிறவருக்கு இல்லை.

நேரம் ஓடிவிட்டது. காகித விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

வேலையை விட்டால் கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடும் போய்விடும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் வேலையில் இருக்கும்போதே சொந்தமாக ஒரு பாலிசி எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் 3 வருடம் வரை இருக்கலாம், அந்தக் கடிகாரம் சம்பளம் வருகிறபோதே ஓடட்டும். குதிரையிலிருந்து விழுகிற தொழில் இது, மறந்துவிடாதீர்கள். வருங்கால வைப்புநிதி ஓய்வூதியத்துக்கு 10 வருடப் பணிக்காலம் வேண்டும். ஒன்பது வருடத்தில் கோபித்துக்கொண்டு கடிதம் கொடுக்காதீர்கள். முழு ஓய்வூதியம் 58 வயதில்தான், 50க்குப் பிறகு முன்கூட்டி வாங்கினால் குறைத்துத்தான் வரும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், அதற்குக் காசு கேட்பவரிடம் போக வேண்டாம்.

மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கத்தில் 2024 பிப்ரவரியில் ஒரு மாற்றம் வந்தது. குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகம் வைத்துத் தொழில் தொடங்குகிறவர்களுக்கும் முதலீட்டில் 50 சதவீதம், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய்வரை மானியம் என்று சேர்த்தார்கள். நிபந்தனைகளை உங்கள் ஊர் கால்நடை மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளலாம். மானியம் கொட்டில் கட்ட உதவும். ஆடி மாதத் தீனிக்கு யாரும் மானியம் தரமாட்டார்கள்.

ஆடி என்றதும் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் பண்டிகை ஞாபகம் வருகிறது. ஆடியில் அங்கே கூடும் குதிரைச் சந்தைக்கு இந்த வருடம் உங்களில் சிலர் போகத்தான் போகிறீர்கள், அது எனக்குத் தெரியும். ஒரு கையில் தீனிக்கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போவீர்கள் என்று நம்புகிறேன். அங்கே நிற்கிற குதிரைகளில் சில, முகூர்த்தமில்லாத மாதத்தில் தீனி போட முடியாமல் விற்க வந்தவையாகவும் இருக்கும். அவற்றின் சொந்தக்காரரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார்ந்து பேசுங்கள். நான் இத்தனை நேரம் சொன்னதைவிட அதிகம் சொல்வார். பிடித்த குதிரை கிடைத்தால் பல்லைப் பாருங்கள், நான்கு குளம்பையும் தூக்கிப் பாருங்கள், கிளாண்டர்ஸ் நோய்க்கு ரத்தப் பரிசோதனை ஆகாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அது மனிதருக்கும் தொற்றும். ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் அந்தப் பரிசோதனையைச் செய்கிறது. மாதிரி எடுத்து அனுப்ப உங்கள் கால்நடை மருத்துவர் உதவுவார்.

சந்தையில் நானும் இருப்பேன். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொண்டு ஒரு அம்மா எந்தக் குதிரையின் விலாவிலாவது சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தால், கூப்பிடுங்கள்.